முகட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தத் தெருக்களில் அவளைக் கயிற்றுக்காரி என்றுதான் சொல்வார்கள். சோலார் தகடு கழுவ இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருத்தி கூரை மேல் ஏறுவாள், மற்றவள் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருப்பவள்தான் இவள். ஏறுகிறவள் இவளுடைய கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மூத்தவளும் இளையவளும்.

மூத்தவளுக்கு முக்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். அப்படிப்பட்டவள் கூரைத் தொழிலுக்கு வந்தது வேடிக்கைதான். அதற்கு முன் அவள் நூல் ஆலையில் இருந்தாள். ஓடுகிற நூலை இரண்டு விரலால் தொட்டு, இறுகுகிறதா தளர்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆலையை மூடிய பிறகு கொஞ்ச நாள் தன் கைகளைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வரும். இனி இவை பாத்திரம் தேய்க்க மட்டும்தான் என்று நினைத்தாள்.

இளையவள் அப்போது பெயின்ட் அடிக்கிறவர்களோடு சாரம் ஏறிக்கொண்டிருந்தாள். "அக்கா, எல்லா வீட்டு மேலயும் சோலார் மாட்டிட்டாங்க. மாட்டினதோட சரி, மேல ஏறிப் பாக்கிறவங்க யாருமில்ல. தூசி அப்பிக் கிடக்கு. நான் ஏறுறேன், நீங்க கயிறு பிடிங்க" என்று அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

சாய்ந்த தகரக் கூரையில் வேலை செய்யும் முறை இது. தகடுகள் வெயில் விழும் பின்சரிவில் மேல், நடு, கீழ் என்று வரிசையாக இருக்கும். இளையவளின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு கூரையின் முகட்டைத் தாண்டி முன்பக்கம் இறங்கும். அங்கே ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு மூத்தவள் கைக்கு வரும். பாரத்தைத் தூண் தாங்கும், நீளத்தைக் கை கொடுக்கும். இளையவள் மேல் வரிசைக்கு ஏறினால் இழுக்க வேண்டும், கீழ் வரிசைக்கு இறங்கினால் விட வேண்டும். நடுவில் முகடு இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. மூத்தவள் தெருவைப் பார்த்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கயிற்றிலேயே தெரிந்துகொள்வாள். இளையவள் குந்தினால் ஒரு தொய்வு, பிரஷ்ஷால் தேய்த்தால் ஓர் அதிர்வு, கால் மாற்றினால் ஒரு சுண்டு. கயிறு தகரத்தில் உரசினால் இவை சரியாகத் தெரியவில்லை என்று, முகட்டில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடச் சொன்னவளும் அவள்தான்.

ஒரு நாள் வேலை முடிந்து இளையவள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"உங்க அக்காவுக்கு ராஜ வாழ்க்கைதான் போ. தெருவுல யார் போறா, யார் வர்றான்னு பாத்துக்கிட்டே கூலி வாங்கிடறாங்க."

இளையவள் சிரித்துவிட்டாள். "அட ஆமாங்க. கயிறு பிடிக்க ஒரு ஜன்னல் கம்பி போதும். கம்பின்னா நடுவுல டீ கேக்காது."

வண்டிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மூத்தவள் காதில் அது விழுந்தது. சமையலைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். முகத்தைச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். கையைச் சொல்லிவிட்டாள். குழாயை அப்படியே வண்டிக்குள் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் கொழுந்தன் சாப்பிடக் கூப்பிட்டான்.

"ஜன்னல் கம்பிக்கு எதுக்குப்பா சாப்பாடு?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"உன் பொண்டாட்டியக் கேளு."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுங்க உங்க அண்ணிகிட்ட" என்றாள் இளையவள், அடுப்பைப் பார்த்து.

"விளையாட்டுலதான் மனசுல இருக்கிறது வெளிய வரும்னு சொல்லுப்பா."

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவன், தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அடுத்த வேலை ஒரு தையல்காரர் வீட்டில். முன்னால் கடை, அவருடைய மிஷின்கள் பகலில் ஓடுவதே கூரையில் இருந்து வரும் கரன்ட்டில்தான். மூத்தவள் வந்தாள், கீழே நின்றே கயிற்றை முகட்டுக்கு மேல் வீசினாள், தூணில் இறுக்கிக் கட்டி மூன்று முடிச்சும் போட்டாள். "கம்பி இல்ல, தூண் இருக்கு. ஏறச் சொல்லுங்க" என்று காற்றிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் நிரப்பப் போனாள்.

இளையவளும் வீம்புக்கு ஏறினாள். கீழ் வரிசை எட்டும் அளவுக்குக் கட்டிய கயிறு கீழ் வரிசைக்குச் சரியாக இருந்தது. நடு வரிசையில் கொஞ்சம் தொங்கியது. இறங்கி வந்து, அவிழ்த்து, குறைத்துக் கட்டி, மறுபடி ஏறினாள். அதற்குள் வெயில் வந்துவிட்டது. சூடேறிய தகட்டுக் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, விரிசல் விடும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். இறங்கி வந்தவள், "முடிஞ்சுது" என்று தையல்காரரிடம் சொன்னாள். மூத்தவள் கூரையைத் திரும்பிப் பார்க்காமல் ஏணியை மடக்கினாள்.

இரண்டு நாள் கழித்து மூத்தவளுக்குத் தையல்காரர் போன் செய்தார்.

"என்னம்மா, மேல் வரிசையை மறந்துட்டீங்களா? பக்கத்து மாடியில இருந்து பாத்தேன். காக்கா எச்சம் போட்டது போட்டபடி இருக்கு. வேற ஆளப் பாக்கட்டுமா?"

முதலில் அவளுக்கு உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். போனை வைத்த பிறகு அது நிலைக்கவில்லை. இத்தனை வீட்டுக் கூரையில் ஒரு வீட்டுக்காரர்கூட இப்படிக் கேட்டதில்லை. அழுக்காகக் கிடப்பது இளையவளின் வரிசை மட்டுமா?

"நாளைக்கு விடியறப்போ தையல்காரர் வீடு. மேல் வரிசை" என்று நேராக இளையவளிடமே சொன்னாள்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தூணருகே நின்றார்கள்.

"கட்டவா?" என்றாள் மூத்தவள்.

இளையவள் கயிற்று நுனியை விடவில்லை. "வேணாம்க்கா."

"ஏன்? தூண் டீ கேக்காதே."

"தூணுக்கு என் காலு எங்க இருக்குன்னு தெரியலக்கா. அன்னிக்கு மேல் வரிசைக்குப் போனேன். கயிறு தொளதொளன்னு காலச் சுத்துது. வழுக்கினா பாதிக் கூரை சறுக்கினப்புறம்தான் கயிறு பிடிக்கும். உக்காந்து அழுதுட்டு இறங்கிட்டேன்."

"முடிஞ்சுதுன்னு சொன்னியே."

"வேற என்னத்தச் சொல்ல? எனக்கு அக்கா கை வேணும்னு தையல்காரர்கிட்டயா சொல்ல முடியும்?"

மூத்தவள் கயிற்று நுனியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு இளையவளின் தோளைப் பிடித்துத் திருப்பி, இடுப்புப் பட்டையை ஒரு துளை இறுக்கினாள்.

"கண்ணாடி மேலயாடி அழுத?"

"ஆமா."

"உப்புக்கறை பிடிக்கும். அதையும் சேத்துத் துடை."

இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அந்த எதிர்வீட்டு அம்மாகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வரேன்க்கா, நான் சொன்னது தப்புன்னு."

"அப்புறம் போய் மைக் வச்சுச் சொல்லு. இப்ப ஏறு, வெயில் வந்துடும்."

மூத்தவள் கயிற்றைத் தூணில் சுற்றி, வாகாக உட்கார்ந்தாள். கயிறு விரலுக்குத் தெரிய வேண்டும் என்று வலது கையில் மட்டும் உறை கிடையாது. கயிற்றின் மறுமுனை கீழ் வரிசையைக் கடந்தது, நடு வரிசையைக் கடந்தது. அது தளரப் பார்க்கும்போதே அவள் உள்ளே வாங்கிக்கொண்டாள்.

தையல்காரர் டீயோடு வந்தார். ஒருத்தி கூரையில் இருக்க இன்னொருத்தி தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மேல் வரிசைக்குப் போயாச்சாம்மா, இல்ல இன்னிக்கும்…"

"போயாச்சு. இடது ஓரத் தகடு. எச்சம் காய்ஞ்சு கிடக்கு போல, ஊற வச்சுட்டுத் தேய்க்கிறா."

அவர் சந்தேகத்தோடு சந்து வழியாகப் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தபோது டீ கையிலேயே ஆறியிருந்தது.

"எப்படிம்மா?"

"நீங்க நூல் பிடிக்கிற ஆளுதானே. ரெண்டு விரல் வைங்க. அழுத்தாதீங்க."

அவர் குனிந்து, கயிற்றின் மேல் விரல்களை வைத்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"இருங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் புருவம் ஏறியது.

"அது பிரஷ்ஷு" என்றாள் மூத்தவள். "இப்ப நின்னுட்டா. அடுத்த தகட்டுக்குப் போகப் போறா. பேசாதீங்க, கால எடுத்து வைப்பா பாருங்க."