கொப்பரை அடுப்பில் நின்றது யார்?

சினாராவுக்கு வாய் கிடையாது என்று புகுந்த வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பதிமூன்று வருடம் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள், மாமியாரை 'அபா', அதாவது அம்மா, என்றே அழைத்து, அவள் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காதவள். எங்கள் கிர்கிஸ் மருமகள்கள் அப்படித்தான், பெரியவர்கள் பெயர் நாக்கில் வரக்கூடாது. அந்தத் தைரியத்தில்தான் அவள் கணவன் மிர்லான் விவாகரத்து வழக்கில் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னான்.

வீடு கல்யாணத்துக்கு முன்பே கட்டியதாம். முன்பு என்றால் அது அவனுக்கு மட்டும். பின்பு என்றால் பாதி சினாராவுக்கு. ரஷ்யாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன் வீட்டை விற்றுக் காசாக்கத் துடித்தான். விற்றால் சினாராவும் இரண்டு பிள்ளைகளும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

பிஷ்கெக்கின் ஓரத்தில் எங்கள் பேட்டையில் வீடு முதலில் எழும்பும், பத்திரம் பல வருடம் கழித்து நிதானமாக வரும். அதனால் வீடு எப்போது கட்டியது என்று காகிதத்தைக் கேட்டுப் பயனில்லை. தெருக்காரர்களோ, "எங்களை இதுல இழுக்காதம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். சாட்சி சொல்ல வந்தது மாமியார் சைராகான் மட்டும்தான், அதுவும் மகன் பக்கம். வீடு விற்றதும் ரஷ்யாவில் அவளுக்கு ஒரு அறை தருவதாக மிர்லான் ஆசை காட்டியிருந்தான்.

"சாட்சிகிட்ட நீங்களே கேக்கலாம். என்ன கேக்கப் போறீங்கன்னு யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்றார் இலவச சட்ட உதவி வக்கீல்.

சினாரா தையல் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பக்கத்து மிஷின்காரி ஜூரா, தானும் விவாகரத்து வாங்கியவள், சாப்பாட்டு நேரத்தில் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மாமியாராகவே மாறி உட்கார்ந்தாள். "ம், கேளு."

"வீடு கல்யாணத்துக்கு அப்புறம்தானே கட்டினது?"

"இல்ல."

"கதவு ஜன்னலுக்கு என் தையக்கூலியைத்தானே கொடுத்தேன்?"

"ஞாபகம் இல்ல."

"எங்கம்மா வீட்டுப் பசுவை வித்துத்தானே கூரைக்குத் தகரம் வாங்கினோம்?"

"பசுவா? நாலு காலு இருக்குமே, அதுவா? நான் பார்த்ததே இல்லையே!"

பட்டறையே சிரித்தது. சினாராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீ அவங்களைவிட மோசம்டி."

"நான் நல்லவளா இருந்தா நீ அங்க போய்ச் செத்த. மொதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடு. ஜட்ஜு முன்னால 'அபா, அபா'ன்னு குழையப் போறியா?"

சினாரா பெயரைச் சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான், துணி வெட்டும் மேசையிலிருந்து ஒருத்தி, தன் பக்கத்து வீட்டார் அஷார் கூப்பிட்டுவிட்டு வெறும் டீயும் ரொட்டியும் வைத்து அனுப்பியதைப் பற்றி வம்பளந்தாள். அஷார் என்றால் வீடு கட்டத் தெருவே திரண்டு வந்து கை கொடுக்கும். கூலி கிடையாது. ஆனால் வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும். போடாத வீட்டின் மானம் பேரன் காலம் வரை சந்தி சிரிக்கும்.

"எங்க வீட்டு அஷாருக்கு வந்து பார்த்திருக்கணும்! தின்ன முடியாம எழுந்தாங்க!" என்று துள்ளினாள் ஜூரா, தலையில் கட்டிய துணியோடு.

சினாரா அவளையே பார்த்தாள். இதே குரலில், இதே பெருமையை, சைராகான் போகிற கல்யாணத்திலெல்லாம் அளந்திருக்கிறாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுத உட்கார்ந்தாள்.

வழக்கு நாளன்று, சாட்சி சொல்ல மறுத்த தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் தவறாமல் வந்து பின்பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"சாட்சி சைராகான் அவர்களே" என்றாள் சினாரா. பின்னால் ஒரு கிழவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சைராகானின் புருவம் ஏறியது.

"வீட்டைக் கட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரரும் மகனும். கூலிக்கு நாலு ஆளு. எல்லாம் இவ வர்றதுக்கு முன்னாடி." சொல்லிக் கொடுத்த பாடம் பிசகாமல் வந்தது.

"அப்போ அஷார் கூப்பிடலையா?"

சைராகான் பின்பெஞ்சைப் பார்த்தாள். பின்பெஞ்சும் அவளைப் பார்த்தது.

"கை கொடுக்க ஒருத்தரும் வரலையா? அவ்வளவு மதிப்பா வாழ்ந்த மனுஷன் வீட்டுக்கு?"

மிர்லானின் வக்கீல் எழுந்தார். "இதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"வீடு கட்டின நாளைப் பத்தித்தான் கேக்கிறேன்."

"கேக்கட்டும்" என்றார் நீதிபதியம்மா.

"வரலைன்னு எவ சொன்னா?" சைராகான் வெடித்தாள். "தெருவே வந்துச்சு! இதோ உக்காந்திருக்குதே, இதுங்க அத்தனையும் வந்துச்சு!"

"வந்தவங்களுக்கு என்ன போட்டீங்க? டீயா?"

"டீயா! ரெண்டு ஆடு அறுத்தோம்டி! பெரிய கொப்பரை நிறையப் புலாவு!"

"அபா!" என்று கத்தினான் மிர்லான்.

"நீ சும்மா இர்றா! உங்கப்பன் மானம் போகுது."

"அத்தனை பேருக்கும் சமைக்க ஆள் வச்சீங்களா?"

"மருமக இருக்கிற வீட்டுல ஆள் எதுக்கு? நீதான நின்ன! ஏழு மாச வயித்தைத் தூக்கிட்டு, ஒரு பருக்கை அடிபிடிக்காம..."

சைராகானின் வாய் திறந்தபடியே நின்றது.

நீதிபதியம்மா பேனாவை எடுத்தார். "அந்த ஏழு மாசப் பிள்ளைக்கு இப்போ என்ன வயசு?"

"பன்னிரண்டு" என்றாள் சினாரா. "இன்னும் ஒரே ஒரு கேள்வி. கூரைத் தகரம் எதை வித்து வாங்கினது?"

சைராகான் மகனைப் பார்க்கவில்லை. "இவ பசு. செவலை. நல்லா கறந்துச்சு" என்றாள், மெதுவாக. பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது போலும்.

பாதி வீடு சினாராவுக்கு என்று தீர்ப்பு வந்தது. அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும்வரை அவளும் ஜூராவும் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு சந்தோஷத்தைச் சினாரா தன் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. ஒருத்தி பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் வீட்டின் மறுபாதியை யார் வாங்குவார்கள்? மிர்லான் வெறுங்கையோடு ரஷ்யாவுக்குப் போனான். தாய்க்கு அங்கே தருவதாகச் சொன்ன அறையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. சைராகான் பின்கட்டிலேயே தங்கிவிட்டாள்.

வசந்தத்தில் சினாரா தன் பாதியை ஒட்டி ஒரு தையல் அறை எழுப்ப அஷார் கூப்பிட்டாள். தெருக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். "வாங்க வாங்க. தின்னவாவது வாயைத் திறப்பீங்கல்ல?" என்றாள். சுவர் மளமளவென்று ஏறியது.

மதியம் சைராகான் வந்து கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். "எத்தனை ஆடு?"

"ஒண்ணு, அபா."

"ஒண்ணா! அன்னைக்கு நாம ரெண்டு அறுத்தோம்." கரண்டிக்குக் கையை நீட்டினாள். "தள்ளு."

சினாரா நகரவில்லை. "இது என் அடுப்பு, அபா. நீங்க அந்தக் கேரட்டை நறுக்குங்க."

சைராகான் முறைத்தாள். தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பிறகு அவள், கத்தி எங்கே என்று கேட்டாள்.