டப்பாவுக்குள் ஆப்பிள்

ஆப்பிளை நறுக்கும்போதெல்லாம் எனக்குப் புகையிலை மணக்கிறது.

தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது அப்பா பைப் பிடிப்பார். இனிப்புக்குக் குண்டூர் இலை, காரத்துக்குத் திண்டுக்கல் இலை என்று அவரே கலந்து டப்பாவில் வைப்பார். இலை காய்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் ஆப்பிள் துண்டும் கிடக்கும்.

“புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாத்தான் இந்த வீட்ல ஆப்பிள். உங்க புகையிலைக்கு மட்டும் வாராவாரமா?” என்று அம்மா கேட்பார். அப்பா சிரித்துக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு மூச்சிளைப்பு வந்தது. குணமான பிறகும் முழு ஆப்பிளும் என் தட்டுக்கே வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். இலை சருகாகியிருந்தது.

“பைப் பிடிக்கலையாப்பா?”

“எனக்குத் தொண்டை கமறுது. நீ சாப்பிடும்மா.”

இன்றும் கடைசித் துண்டை மென்றபின் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறேன். தடையில்லாமல் உள்ளே போகிறது.