சிங்கத்தின் மேல் இருந்தவள்

அந்த வீடியோ கேம் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் அதன் முதுகிலிருந்து சூடான பிளாஸ்டிக் நாற்றம் ஒன்று வரும். பழைய துணிப்பெட்டியின் பாச்சை உருண்டை வாசமும் கொல்கத்தாவின் கிடர்பூர் சாலையில் நிற்கும் லாரிகளின் டீசல் புகையும் அதோடு கலந்து எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறை முழுக்க நிற்கும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பாள். எனக்கோ அது உலகத்திலேயே நல்ல வாசனை. இதை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

அப்பாவுக்குச் சுங்க இலாகாவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, கப்பல் சங்கு ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் ஒரு வீட்டில் எங்களைக் குடிவைத்திருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன அலுவலக நண்பர் ஒருவர், "பிள்ளை விளையாடட்டும்" என்று விட்டுச் சென்றதுதான் அந்த வீடியோ கேம் பெட்டி. கூட ஒரே ஒரு விளையாட்டுத் தகடு. அதன் மேல் ஜப்பானிய எழுத்தோ சீன எழுத்தோ, எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். விளையாட்டுக்கு உள்ளேயும் அதே எழுத்து, அதே பேச்சு. ஆகவே அது எந்த நாட்டுப் புராணம், நாயகன் யார், எதற்காக இத்தனை பேரை வெட்டித் தள்ளுகிறான் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கதை தெரியாவிட்டால் என்ன, வெட்டுவதற்குக் கதை எதற்கு என்று நாங்களும் வெட்டிக்கொண்டே போனோம்.

நாங்கள் என்றால் நானும் புபாயும். எதிர்வீட்டு வங்காளிப் பையன், என் வயதுதான், பள்ளியிலும் என் வகுப்பு. அவனும் நானும் வங்க மொழியில்தான் பேசிக்கொள்வோம். என் அம்மாவை அவன் "காக்கிமா", அதாவது சித்தி என்பான், அம்மா அவனுக்குத் தமிழிலேயே பதில் சொல்வாள், எப்படியோ இருவருக்கும் விளங்கிவிடும். விளையாட்டில் அவன்தான் சூரன். பாம்புப் பெண்கள் காவல் நிற்கும் பாலத்தையும், மலை அளவு இருக்கும் ஒற்றைக் கண்ணனையும் அவன் கட்டைவிரல்தான் தாண்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்துவேன். அந்த வயதில் எனக்கு அதுவே பெரிய பொறுப்பாகத் தெரிந்தது.

நாயகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெற்று மார்பு, சுருட்டை முடி, பச்சைப் பாசி படிந்தது போன்ற தோல், தலைக்கவசத்தில் இரண்டு எருமைக் கொம்புகள். எங்களுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. அவன் விழுந்தால் எங்களுக்கு வலிக்கும்.

அந்த வருடம் துர்கா பூஜைக்குச் சில நாட்கள் முன்பு புபாயின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன நோய் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் கதவருகே நின்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள், நாங்கள் போனால் பேச்சு மாறிவிடும். புபாய்க்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் அம்மா வைக்கும் புளிக்குழம்பை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு அவன் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவான்.

பக்கத்து மைதானத்துப் பந்தலில் தேவியின் முகத்தைத் திறந்து வைத்த சஷ்டி சாயங்காலம், வெளியே "டாக்" மேளம் அதிர்ந்துகொண்டிருக்க, நாங்கள் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். பெரிய கதவு திறந்தது. உள்ளே மஞ்சள் பட்டு உடுத்த ஒருத்தி, கையில் நீண்ட ஈட்டி, ஏறி அமர்ந்திருந்தது சிங்கத்தின் மேல்.

புபாய் கையிலிருந்ததை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டான். "மா-கே மார்போ நா" என்றான். அம்மாவை அடிக்க மாட்டேன் என்று.

அவள் துர்கை இல்லை, வேறு தேசத்துக்காரி, அவளுக்குப் பத்துக் கைகூட இல்லை பார் என்று நான் வாதாடினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினான். பந்தலில் சிங்கம், ஈட்டி, சுருட்டை முடியும் பச்சை உடம்புமாக மகிஷாசுரன், அவன் பக்கத்தில் வெட்டுப்பட்ட எருமைத் தலை. திரும்பித் திரையைப் பார்த்தேன். அத்தனையும் அச்சாக அப்படியே இருந்தது. அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் யாராக இருந்தோம்? பாம்புப் பெண்களும் ஒற்றைக் கண்ணனும் நல்லவர்களா? நாங்கள் பாசமாக வளர்த்துக் கொண்டுவந்தது அசுரனையா? கொல்கத்தா நகரத்தில், பூஜை நாளில், வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு சிக்கல் வந்திருக்காது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவிடம் கேட்டேன். விளையாட்டு வினையாகும் என்பது அவள் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். அன்று அதைவிடச் சின்னதாக ஒன்று சொன்னாள்: "சாமியோட என்னட்டி வெளையாட்டு? சாமி கண்ணக் குத்தும்." அதைப் புபாய் தமிழிலேயே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

வழியை அவனே கண்டுபிடித்தான். அசுரன் தோற்க வேண்டும், அதுதானே கதை? ஆகவே தோற்றுவிடுவோம் என்றான். பொத்தானைத் தொடாமல் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சிங்கக்காரி வந்தாள், குத்தினாள், எங்கள் கொம்பன் முழந்தாளிட்டுச் சரிந்தான், திரை சிவந்தது. புபாய் தொலைக்காட்சியை விழுந்து கும்பிட்டான். பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: "தினமும் ஒரு தடவை அவளை ஜெயிக்க விட்டால், மா வீட்டுக்கு வந்துடுவா. வேண்டிக்கிட்டேன்."

அப்படித்தான் அந்தப் பூஜை எங்களுக்குக் கழிந்தது. சப்தமியன்று தோற்றோம், அஷ்டமியன்று தோற்றோம். புத்தாடையோடு பந்தலில் கூட்டம் வழிய, நாங்கள் முன்னறையில் உட்கார்ந்து சிரத்தையாகச் செத்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அலுப்பு, முடிவைப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு. மறு பக்கம், புபாயின் அம்மா பிழைப்பது எங்கள் கையில் இருக்கிறது என்ற பயம். எது பெரியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நவமியன்று இன்னொரு குழப்பம். எங்கள் வீட்டில் அன்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி, தன் அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அம்மா, "இதுவும் ஒங்க ஆயுதந்தான" என்று விளையாட்டுப் பெட்டியையும் தூக்கிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டிட்டுவிட்டாள். மறுநாள் புனர் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. புபாய் திகைத்துப் போனான். அவர்களுக்குச் சரஸ்வதி பூஜை குளிர்காலக் கடைசியில் வருவது. இப்போது எதற்குப் புத்தகம் என்று கேட்டான். அதைவிட, இன்றைக்கு எப்படித் தோற்பது என்று கேட்டான். அம்மனோடு சண்டை போடும் பெட்டி அம்மனுக்கு முன்னாலேயே மாலையோடு உட்கார்ந்திருக்கிறது, இது தோல்வியா வெற்றியா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவன் அன்று பொரிகடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

தசமியன்று விசர்ஜனத்துக்குச் சிலையை லாரியில் ஏற்றியபோது, வரும் வருடம் மறுபடியும் என்று கத்திய கூட்டத்தில் அவன் குரல்தான் உயர்ந்து கேட்டது. அடுத்து வரும் பௌர்ணமி லட்சுமி பூஜைக்கு முன்னாலேயே அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

எங்கள் வீட்டில் சாவுத் தீட்டு என்றால் அம்மா மிகவும் கறார். தூரத்துச் சொந்தம் செத்த செய்தி தொலைபேசியில் வந்தாலே தலை முழுகுவாள். காரியம் முடிவதற்கு முந்தைய ஒரு பிற்பகலில் கதவு தட்டப்பட்டது. புபாய் நின்றிருந்தான். தைக்காத வெள்ளைத் துணி சுற்றி, கழுத்தில் துக்கத்துக்கு அவர்கள் கட்டும் இரும்புச் சாவி தொங்க, அக்குளில் சுருட்டிய ஒரு சின்னக் கம்பளிப் பாய். துக்கம் காக்கும் மகன் பிறர் ஆசனத்தில் உட்காரக் கூடாது என்பதால் தன் ஆசனத்தைத் தானே சுமந்து வந்திருந்தான். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா, "வா மக்கா, உள்ள வா" என்றாள். பிறகு என்னிடம், "ஏட்டி, அந்தப் பொட்டியப் போட்டுக் குடு. ஒண்ணும் கேக்காத" என்றாள்.

அவன் பாயை விரித்து உட்கார்ந்தான். பெரிய கதவு திறந்தது. சிங்கக்காரி வந்தாள். அவன் இந்த முறை கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

அப்படி ஒருவன் விளையாடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஒரு குத்துகூட வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான், சிங்கத்தை அடித்தான், அவளை அடித்தான், ஈட்டி உடைந்த பிறகும் அடித்தான். நான் "இடது பக்கம்" என்று சொல்லவில்லை. அம்மா வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் மஞ்சள் பட்டு தரையில் விழுந்தது. திரை வெளுத்தது, எங்கிருந்தோ ஒரு பாட்டு எழும்பியது, கொம்பன் தன் தலைக்கவசத்தைக் கழற்றக் கையைத் தூக்கினான். அந்த நொடியில் புபாய் எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் அழவில்லை. நான்தான் அழுதேன், யாருக்காக என்று தெரியாமல்.

அதற்குப் பிறகு அந்தத் தகட்டைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்ற பயமா, அவனுக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணமா, பிரித்துச் சொல்ல இன்றைக்கும் வரவில்லை. அடுத்த கோடையில் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். அங்கே ஒரு மழைக்காலத்தில் பெட்டி செத்து, தகடும் அதோடு காயலான் கடைக்குப் போயிற்று.

இப்போது வங்கி வேலையில் நான் மறுபடியும் இந்த ஊருக்கு வந்து லேக் கார்டன்ஸில் குடியிருக்கிறேன். போன பூஜைக்குக் கிடர்பூர் போயிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முன்னறை இருந்த இடம் எது என்று ஒரு மாதிரி உத்தேசமாகத்தான் காட்ட முடிந்தது. ஆனால் பந்தல் அதே மைதானத்தில் இருந்தது. அதற்குள் தோளில் சிவப்புத் துண்டோடு அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தவன் புபாய். கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை, ஒரு பெண் குழந்தை. பூஜைக் கமிட்டியில் அவன்தான் எல்லாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அம்மனை அடித்தவனா இப்படி என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

அவன்தான் கேட்டான். மேளச் சத்தத்தில் என் காதருகே குனிந்து, "அவ எழுந்தாளா?" என்றான்.

"யாரு?"

"சிங்கக்காரி. நான் அணைச்ச பிறகு நீ போட்டுப் பார்த்திருப்பே இல்லையா? இத்தனை வருஷமா உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். முடிவுல அவ எழுந்தாளா?"

நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். நானும் தேடியிருக்கிறேன், பெயர் தெரியாமல் எதைத் தேடுவது என்றும் சொன்னேன். "ஓ" என்றான். சிரித்தான். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள், போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "எந்திரிச்சுட்டாளுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானட்டி, ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள்.

அவனிடம் பொய் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன் அம்மா என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்?