கொடுப்பில் ஒதுங்கிய சோறு

பெரியப்பாவின் கட்டிலுக்கு நேரே நிலத்தில் பாய் விரித்து, என்னை அதில் இருத்தி, பெரியம்மா மத்தியானச் சாப்பாடு தருவார். நான் சாப்பிடுவதைப் பெரியப்பா பார்க்க வேண்டும். எனக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான். உலகத்தில் இதைவிடச் சுகமான உத்தியோகம் கிடையாது என்று நம்பிய வயது அது.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து விட்டபின், அவர்கள் பள்ளிமுனைக்குத் திரும்பி எங்கள் வளவுக்குள்ளேயே தகரக் கூரை போட்டு இருந்தார்கள். வன்னிக்குப் போகும்போது மூன்று பேர். திரும்பி வந்தது இரண்டு பேர். காலம் கடந்து பிறந்த ஒரே மகளைக் கடைசி மாதங்களில் ஒரு செல் விழுந்து கொண்டுபோய்விட்டது. அப்போது அவளுக்கு, பெரியப்பாவின் முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிட்ட வயதுதான்.

முகாமிலேயே பெரியப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டதாம். ஊருக்கு வந்தபின் முதலில் கிழிந்த வலையைப் பொத்தத் தெரியாமல் போனது. பிறகு கடற்கரைக்குப் போனால் வீடு திரும்ப வழி தெரியாமல் போனது. ஒருநாள் பெரியம்மாவைப் பார்த்தே, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டார். "உங்கட மனுசி" என்று பெரியம்மா ஒவ்வொரு தரமும் சளைக்காமல் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். பெரியப்பா அந்தக் கேள்வியையும் கேட்காமல் விட்டபோதுதான் பெரியம்மா அழுததைப் பார்த்தேன்.

பிறகு அவர் கட்டிலோடு கிடந்தார். கடலுக்குப் போகுமுன் அப்பா வந்து புரட்டிப் படுக்கவைப்பார். முதுகில் புண் வைத்து, வீடு முழுக்க ஒரு மணம் இருந்தது. ஊட்டிய சோற்றை அவர் விழுங்க மாட்டார். கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். ஒரு பக்கக் கன்னம் வீங்கித் தெரியும். அவருக்குப் பல் வலிக்கிறது, அது பல்லுக்கொதி என்று நான் நினைத்தேன்.

பெரியம்மாவின் விளக்கம் வேறு. வன்னியில் சாப்பாடு இல்லாத நாட்களில், பெரியப்பா தன் பங்கு ரொட்டியைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, வெறும் வாயைச் சப்பிக் காட்டுவாராம். ரொட்டி பிறகு மகளுக்குப் போகும். "இப்பவும் பிள்ளைக்கெண்டு வைச்சிருக்கிறார். பிள்ளை சாப்பிட்டதைக் கண்டால் விழுங்குவார்" என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுத்த மத்தியானமே என்னை அனுப்பிவிட்டார். விளைமீன் சொதியும் பொரியலும் எனக்கு நாள்தோறும் கிடைத்தன. பானையைச் சரித்துக் காட்டி, "இஞ்ச பாருங்கோ, நிறையக் கிடக்கு. நீங்கள் விழுங்குங்கோ" என்று பெரியம்மா கெஞ்சுவார். ஒருநாள் அவர் விழுங்கினார். அதுவே பிழையாகப் போனது. முகம் நீலம் பாரித்து, இழுத்து இழுத்து இருமினார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது.

வீடுகளுக்கு வந்து நோயாளரைப் பார்க்கும் மிஸி சட்டியையும் கரண்டியையும் கண்டதும் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அவருக்கு விழுங்கிறது மறந்துபோச்சு. நீங்கள் ஊட்டுறது நெஞ்சுக்குள்ள போகுது. இனிச் சொண்டை மட்டும் நனைச்சு விடுங்கோ."

"பட்டினி போட்டுச் சாகடிக்கச் சொல்லுறியளோ? நாங்கள் பட்டினி கிடந்த சனம், மிஸி."

"அவருக்கு இப்ப பசி இல்லையம்மா. பக்கத்தில இருங்கோ, அது காணும்."

மிஸி போனபின் பெரியம்மா வெகுநேரம் கரண்டியைக் கையில் வைத்திருந்தார். ஊர் என்ன சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டு மாமி ஏற்கெனவே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சாப்பாட்டை நிப்பாட்டப் போறியளாமே?" என்று கேட்டாயிற்று. பெரியம்மா ஒரு வாய் சோற்றைப் பெரியப்பாவின் உதடு வரைக்கும் கொண்டுபோனார். பிறகு அதைச் சட்டிக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, துணியை நனைத்து உதட்டைத் துடைத்தார். நான் சாப்பிட்டு முடித்த சோற்றுக் கோப்பையை எடுத்து அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டிட்டாள். இனி நீங்கள் ஒண்டும் ஒதுக்கத் தேவையில்லை."

எனக்குப் பெரியம்மாமேல் கோபம் வந்தது. பாவம் மனுசன், மீன் வாசம் அவருக்கும் அடிக்கும்தானே என்று நினைத்தேன். அடுத்த நாட்களிலும் பெரியம்மா துணியைத்தான் நனைத்தார், நான் மீனைத்தான் தின்றேன். பங்குச் சுவாமி வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். சோளகக் காற்று தகரத்தை உலுப்பிய ஒரு பின்னேரம் பெரியப்பாவின் மூச்சு நின்றது. அவரது கன்னம் இரண்டு பக்கமும் ஒட்டிப் போயிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம், பழக்கதோஷத்தில் நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால், வேலிக்கு மேலால் கேட்ட அதே மாமிதான் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்திருந்தார். பெரியம்மா எனக்குப் போட்டுத் தந்துவிட்டு, வெறும் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். மாமி கெஞ்சியதால் தானும் ஒரு வாய் எடுத்தார். சப்பவில்லை, விழுங்கவுமில்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியபடி நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவுக்கும் பல்லுக்கொதி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு துண்டு மீன் கேட்டேன்.