கல்லை இடம் மாற்றிய பிறகு

மகள் கோவைக்குப் போனபின் சிவகாசி வீட்டில் நானும் கண்ணாடித் தொட்டியில் ஒரு மீனும்தான். ஆஸ்கர் என்கிற சிக்லிட் வகை. உள்ளங்கையை விடப் பெரிது, கோபத்தில் எனக்குப் பங்காளி. அவள் காலேஜ் படிக்கும்போது குஞ்சாக வாங்கி வளர்த்தது. அவளாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அம்மாவும் இல்லாத பிள்ளை. அதற்குப்பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும்.

"மீனு சாப்பிட்டுச்சாப்பா?"

"சாப்பிட்டுச்சு."

அவ்வளவுதான் பேச்சு. மீன் செத்தால் அந்தப் போனும் நின்றுவிடும் என்று பயந்தேன்.

ஆடி மாதம் அது இரையெடுக்காமல் மூலையிலேயே கிடந்தது. தனியாக இருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? துணைக்கு மூன்று தங்கமீன் வாங்கி விட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் ஒரு வால் மட்டும் மிதந்தது. "நல்லாத் தின்னுலே" என்று திட்டினேன்.

மீன் கடைக்காரர் சிரித்தார். "வாய்க்குள்ள போற எதை விட்டாலும் இரைதான் அண்ணாச்சி. இதே மாதிரி இன்னொரு முரடனை விட்டா ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும். சில்வர் டாலர் மீன் ஆறு கொண்டு போங்க. தட்டு மாதிரி அகலம், வாயில அடங்காது. சண்டைக்கும் நிக்காது."

ஆறையும் ஆஸ்கர் இரண்டு நாள் விரட்டி விரட்டிக் கடித்தது. மறுபடி போய்ச் சொன்னேன்.

"உள்ள கிடக்குற கல்லை இடம் மாத்துனீகளா?"

"எதுக்கு?"

"பழைய ஆளுக்கு அது சொந்த வீடுல்ல? எல்லாத்தையும் மாத்திட்டா அதுவும் புதுசா வந்த மாதிரி முழிக்கும். அப்பத்தான் மத்ததை இருக்க விடும்."

மாற்றினேன். ஆனாலும் அது தேடிப்பிடித்துப் பழைய மூலைக்கே போய் நின்றது. உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் வெடி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் வேஸ்ட் லேபிள் தாள் ஒட்டாத அலமாரி கிடையாது. தொட்டியின் பின்கண்ணாடியிலும் பூச்சட்டி லேபிள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மூலையில் சிவப்பு மை அப்பிய இடம்தான் மீனுக்கு அடையாளம். கல்லை மாற்றிய எனக்கு அந்தத் தாள் கண்ணில் படவே இல்லை.

அது மகள் ஒட்டியது. கிழிக்கக் கை வரவில்லை. தண்ணீர் தடவி, பிளேடால் சுரண்டி எடுத்து முடிக்க அரை நாள் ஆனது. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் ஆஸ்கர் நடுத்தொட்டியில் திகைத்து நின்றது. ஆறும் அதைச் சுற்றிப் போய்வந்தன. ஒன்றையும் அது தொடவில்லை. சாயங்காலம் போட்ட இரையைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாம் சொன்னேன், தாளைச் சுரண்டி எடுத்தது உட்பட.

"தீபாவளி சீசன் முடிஞ்சதும் வாம்மா," என்றேன். "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

மாப்பிள்ளை என்ற வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வருகிறோம் என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தேன். வாசலை மறித்த மாதிரி என் சாய்வு நாற்காலி. அந்தப் பையன் பெண் கேட்டு வந்த அன்று, அதை விட்டு எழுந்திருக்காமலே அவனைத் திருப்பி அனுப்பினேன்.

அதை இழுத்து உள்சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருஷம் குடியிருந்த வீடு, யார் வீடோ போலிருந்தது.