கீரி துப்பறியும் கதையும் கழன்றுபோன கடைசித் தாளும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, உலகத்திலேயே பெரிய அறிவாளி ஒரு கீரிப்பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஓவர்கோட்டும் கண்ணை மறைக்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு, எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஒரு நகரத்தில் அது துப்பறிந்துகொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படக்கதை. அதில் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. போலீஸ் அதிகாரி நீர்யானை, அடியாட்கள் கழுதைப்புலிகள், ஓட்டலில் பாட்டுப் பாடும் அம்மாள் ஒரு வெள்ளைப் பூனை. எல்லோரும் புகை பிடித்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. கடலூர்க்காரியான எனக்கு மழையும் புயலும் புதிதில்லை. ஆனால் அவ்வளவு மழையிலும் அந்த ஊரில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகாததுதான் எனக்குப் பெரிய மர்மமாக இருந்தது.

இந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையானால் பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பையில் அழுக்குத் துணிக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட காமிக்ஸ் இருக்கும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பொறுக்கியவை. கை கழுவிவிட்டு வந்தால்தான் கையில் கொடுப்பார். புத்தகத்தை முழுக்க விரிக்கக் கூடாது, பாதிதான் திறக்க வேண்டும். முனையை மடித்தால் அன்றோடு உறவு முறிந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் நடுவில் குத்திய பின்கள் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும் என்பதால், நகவெட்டியின் முனையால் பழைய பின்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் புதுப் பின் போட்டு மடக்கிவிடுவார். சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாத மனிதர், இந்த வேலையை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்.

ஒருநாள் போனில் ஒரு புதுக் கதையைப் பற்றிச் சொன்னார். அப்பாவைக் காணோம் என்று ஒரு மான்குட்டி கீரியைத் தேடி வருகிறதாம். "முடிவு இருக்கு பாரு பாப்பா, சூப்பர். நீ நெனச்சே பாக்க முடியாது. இந்த வாரம் எடுத்தாறேன்" என்றார்.

என் அப்பாவும் அப்போது ஊரில் இல்லை. வளைகுடா நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வரும் அவர் போன் சில மாதங்களாக வரவில்லை. அங்கே டவர் சரியில்லை என்று அம்மா சொன்னாள். மாமா போன் செய்த அதே வாரத்தில், அப்பாவோடு வேலை பார்த்த மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவிடமும் தாத்தாவிடமும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று அம்மா சமைக்கவில்லை. தாத்தா ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார். ஓட்டல் சாம்பார் கிடைத்த சந்தோஷத்தில் நான் வேறு எதையும் கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமா வெறுங்கையோடு வந்தார். கேட்டால், மறந்துவிட்டேன் என்றார். அதற்கடுத்த வாரமும் அதே பதில். தரையில் புரண்டு அழுது, சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் புத்தகம் வந்தது. கையை இரண்டு முறை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். துறைமுகத்தில் மான் அப்பாவின் தொப்பி கிடைக்கிறது. ரகசியம் தெரிந்த முதலை சொல்வதற்குள் செத்துப்போகிறது. கடைசியில் கீரி ஒரு கதவின் கைப்பிடியில் கை வைத்து, மான்குட்டியைத் திரும்பிப் பார்த்து, "உன் அப்பா இங்கேதான் இருக்கிறார்" என்கிறது. பக்கத்தைப் புரட்டினால் அட்டை வந்துவிட்டது.

"பழைய புக்கு கடையில அப்படித்தான் இருக்கும் பாப்பா. வுடு" என்றார் மாமா.

விடுவதாவது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு ஹோம்ஒர்க் ஓடவில்லை. நானே கீரியாகிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் சந்தேகம் தம்பி மேல். இரண்டு வயது, கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில் கடித்துவிட்டான். அடுத்தது தாத்தா. மூக்குப்பொடி மடிக்க அவருக்குக் காகிதம் வேண்டும். "பொடி மடிக்க காலண்டர் தாளு போதும். ஒன் பொம்மை புக்குல மடிச்சா பொடியெல்லாம் மை ஒட்டிக்கும்" என்று அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

உண்மை, புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தபோது வெளிவந்தது. முதல் பக்கம் என்று நான் படித்ததன் அடியில் மூன்று என்று போட்டிருந்தது. ஒன்றும் இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இது தெரியும். நோட்டின் பின்பக்கம் ஒரு தாளைக் கிழித்தால், முன்பக்கம் அதன் ஜோடித் தாள் கழன்று தொங்கும். இதில் தொங்கவும் இல்லை, கிழிந்த பிசிறும் இல்லை. யாரோ பின்னை நிமிர்த்தி, வெளித்தாளை முழுசாக உருவிக்கொண்டு, திரும்பப் பின் போட்டிருக்கிறார்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தாளில் பழைய துருவின் கறை இருந்தது. பின்கள் புத்தம்புதிதாக மின்னின.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் ஹாலுக்கு வரச்சொன்னேன். ஓவர்கோட்டுக்காகப் பீரோவிலிருந்து அப்பாவின் முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தேன். அம்மா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி பேசினேன்.

"போன்ல முடிவு சூப்பர்னு சொன்னீங்க மாமா. அப்ப கடைசிப் பக்கம் இருந்திருக்கு. இப்ப கடையிலயே இல்லன்னு சொல்றீங்க. இந்த வூட்ல பின்ன கழட்டி மாட்டத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்."

"ஆமா பாப்பா. நான்தான் எடுத்தேன்" என்றார் மாமா.

"ஏன்?"

கீரிக்குக் குற்றவாளி அகப்பட்டால் காரணமும் கூடவே அகப்பட்டுவிடும். எனக்குக் காரணம் மட்டும் அகப்படவில்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். தாத்தா காரணமில்லாமல் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளை மாமா தூக்கிப் போட்டிருக்கவில்லை. அது அவரால் முடிகிற காரியமில்லை. நான் காலேஜில் சேர்ந்த பிறகு ஒருநாள் உறையோடு கையில் கொடுத்தார். கதவு திறந்தால் ஜெயில். கம்பிக்குப் பின்னால் மான்குட்டியின் அப்பா, கொம்புகள் அறுக்கப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். என் அப்பாவும் அந்த மாதங்களில் அப்படி ஓர் இடத்தில்தான் இருந்தார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள, கொடுமை தாங்காமல் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, காகிதம் இல்லாமல் பிடிபட்டிருந்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் வாசலில் நின்று சொன்னது அதைத்தான். அப்பா வந்து சேர்ந்தது வெகுநாள் கழித்து. அன்றைக்கு அவர் எப்போது வருவார், வருவாரா என்றுகூட அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடிவு என்னான்னு நானே சொல்லிடறேன், கேளு" என்றார். கீரி கதவைத் திறக்கிறதாம். உள்ளே மான் அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாராம். கப்பலில் வேலை, இத்தனை நாள் லீவு கிடைக்கவில்லை, இப்போது கிடைத்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு மழையும் துப்பாக்கியும் செத்துப்போன முதலையும் இதற்குத்தானா?

"இதுவா சூப்பர் முடிவு? கீரி கதையில இப்டிலாம் வராது மாமா. காணாம போனவங்க சும்மா பெட்டிய தூக்கிக்கிட்டு வூட்டுக்கு வந்துட மாட்டாங்க."

"வரலாம் பாப்பா" என்றாள் அம்மா.

"வரமாட்டாங்கம்மா. நான் எத்தினி புக்கு படிச்சிருக்கேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். போதும், போய் விளையாடு என்று தாத்தா என்னை வெளியே அனுப்பினார். வாதத்தில் ஜெயித்துவிட்ட பெருமையோடு நான் தெருவில் இறங்கி ஓடினேன். நான் மட்டம் என்று தள்ளிய அந்த முடிவுக்காகத்தான் அம்மாவும் தாத்தாவும் வெள்ளிக்கிழமைதோறும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.