வசனம் சொன்னால் பெட்டி

எங்கள் சபையில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். மூன்று வயதுக்கும் அதுதான், ஐந்து வயதுக்கும் அதுதான். மூடியில் சபையின் பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். பிள்ளை மேடையை விட்டு இறங்குவதற்குள் அம்மாக்காரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். மறுநாள் அதில் ஊறுகாய் இருக்கும். சித்தூரில் இந்த வகுப்பை நான் எடுக்கத் தொடங்கிப் பதினாறு வருடம். பதினாறு வருடமும் இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. விளையாடுகிற வயதில் விளையாட்டுச் சாமான் கொடுங்கள் என்றால், அது ஒரு வாரத்தில் உடைந்துவிடும், இது ஐம்பது வருடம் உழைக்கும் என்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வருடம் உழைக்கிற பொருள் எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

போன வருடம் கமிட்டிக் கூட்டத்தில் சண்டை போட்டேன். என் தொல்லை தாங்காமல், நீயே போய் வாங்கிக்கொண்டு வா என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பதினான்கு பேர். ஒரு நோட்டில் ஒவ்வொரு பெயரும் எழுதி, அந்தப் பிள்ளையின் கை எதைத் தேடிப் போகும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

முதல் கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஒரு பொம்மை லாப்டாப்பைத் திறந்தார். பொத்தானை அமுக்கினால் அது ஆங்கில எழுத்துகளைக் கத்தியது. எல்கேஜி இன்டர்வியூவுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று தெலுங்கில் அடித்துச் சொன்னார். அமுக்குவதைத் தவிர அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை. எண்ணுவதை அது எண்ணிவிடும், பாடுவதை அது பாடிவிடும். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதற்கு அறிவு வளர்க்கும் பொம்மை என்று பெயர் வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

நான்கு கடை ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் நிற்காதவனுக்குக் கயிறு கட்டி இழுக்கிற மர வண்டி. எல்லாரையும் அதட்டுகிறவளுக்கு டாக்டர் செட். சுவரில் கிறுக்கி அடி வாங்குகிறவனுக்குத் தடித்த கிரேயானும் பெரிய பெரிய தாள்களும். விழுங்கிவிடக்கூடிய சின்னத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

ஒருத்திக்கு மட்டும் கடைசிக் கடை வரை எதுவும் கிடைக்கவில்லை. நான்கு வயது. அப்பா கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தமிழர், பால் வண்டி ஓட்டுகிறார். அம்மா பலமனேர்க்காரர், வீட்டில் தெலுங்கு. வகுப்பில் அவள் அதிகம் பேசமாட்டாள். நாங்கள் பாடிக்கொண்டிருந்தால் இவள் வாசலில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பத்து மரப் பெட்டிகள் கிடைத்தன. கோபுரம் கட்டலாம், கவிழ்க்கலாம், உள்ளே எதையாவது ஒளித்து வைக்கலாம். அவற்றைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பரிசுகளைப் பார்த்த ஞாயிறு பள்ளி சூப்பரிண்டெண்ட், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஒரு நிபந்தனை போட்டார். மேடையில் பைபிள் வசனம் சொல்கிற பிள்ளைக்குத்தான் பரிசு. சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காதாம். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரு வரி வசனம்தானே என்று தலையாட்டினேன். அதோடு விட்டேனா? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பெட்டிகளைத் திறந்து காட்டி, வசனம் சொன்னால் இது உனக்கு என்று நானே ஆசை காட்டினேன். அவளுக்குத் தமிழில் வரவில்லை. அவள் அம்மா தெலுங்கில் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம் என் காதருகே வந்து கணீரென்று சொன்னாள். இது போதும் என்றேன்.

கிறிஸ்துமஸ் விழா மேடையில் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே சொன்னாள். சூப்பரிண்டெண்ட் மைக்கைக் கையால் மூடி, தமிழில் சொல்லு என்றார். காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அதே தெலுங்கை இன்னும் சத்தமாகச் சொன்னாள். கூட்டத்தில் சிரித்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இது தமிழ் சபைம்மா. இங்கயும் தெலுங்குலயே சொல்லிக்கினு இருந்தா அப்பறம் தமிழ் எங்க இருக்கும்?"

ஒரு பென்சிலை அவள் கையில் திணித்து இறக்கிவிட்டார்.

அவருடைய பயம் எனக்கும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் எழுத்தே தெரியாமல் கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ஆனால் அதற்கு முந்தின வருடம் பெங்களூரிலிருந்து வந்த அவருடைய பேரன் இதே மேடையில் ஆங்கிலத்தில் வசனம் சொன்னான். சபையே கை தட்டியது. முதலில் தட்டியவர் அவர்தான். ஆங்கிலத்தில் போகாத தமிழ் தெலுங்கில் மட்டும் போய்விடுமா? இதை அங்கேயே மைக்கில் கேட்டிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த பிள்ளையின் பெயரை வாசித்தேன். அவர் மேல் இருக்கும் கோபத்தை விட என் மேல் எனக்கு இருக்கும் கோபம் பெரிது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், பெட்டிகளை வைத்துப் பூட்டியிருந்த சபை அலமாரியின் சாவியைக் கேட்டேன். எதற்கு என்றார்.

"உங்க பேரன் இங்கிலீஷ்ல சொன்னா வசனம், அந்தப் பொண்ணு தெலுங்குல சொன்னா வசனம் இல்லியா சார்?"

சாவியைக் கொடுத்தார்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அவர்கள் ஊருக்குப் போனேன். அவள் அம்மா காபி போட உள்ளே போனார். நேற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து மகளை உட்கார வைத்துத் தமிழ் வசனத்தைச் சொல்லிக் கொடுத்ததாக அப்பா பெருமையாகச் சொன்னார். பெட்டிகளைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, கையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தமிழில் ஆரம்பித்தாள். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றது.

வசனம் வேண்டாம், இது உனக்குத்தான், எடுத்துக்கொள் என்று பெட்டிகளை அவளிடம் தள்ளினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் இரண்டு கையாலும் அதை என் முழங்கால் வரை திருப்பித் தள்ளி வைத்தாள்.

"இன்னும் வரல டீச்சர். வந்தப்பறம் எடுத்துக்கினு வா" என்றாள், தமிழில், ஒரு சொல் தடுக்காமல்.